வெய்ஜியும் எலிப்பொறியும்

கேள்வி: எங்கள் அலுவலகப் பயிற்சி வகுப்பில், ‘நெருக்கடியைக் குறிக்கும் சீனச் சொல்லில் இரண்டு எழுத்துகள், ஒன்றுக்கு ஆபத்து என்றும் மற்றதற்கு வாய்ப்பு என்றும் பொருள்’ என்று பேச்சாளர் சொன்னார். ஜப்பானியரும் கொரியரும்கூட இதே சொல்லைத்தான் வழங்குகிறார்களாம். உண்மைதானா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பாதி உண்மை, ஆபத்து என்ற பாதி.

அந்தச் சொல் ‘வெய்ஜி’. ‘வெய்’ ஆபத்துதான், அதில் கருத்து வேறுபாடில்லை. கி.பி. 100ஆம் ஆண்டளவில் சூ ஷென் தொகுத்த ‘ஷுவோவென்’ அகராதி, உயரத்தில் இருந்து அஞ்சுதல் என்றே அதற்குப் பொருள் சொல்கிறது. வம்பெல்லாம் ‘ஜி’யில்தான். அந்த எழுத்தின் இடப்பக்கம் மரத்தைக் குறிக்கும் உறுப்பு. வலப்பக்கம் ஒலியைக் காட்டும் உறுப்பு. அம்பு எய்தலை ஆளும் விசையே, அதாவது விசைவில்லின் பொறியே, ஜி என்பது அதே அகராதியின் விளக்கம். சீனாவின் முதல் பேரரசரான சின் பேரரசரின் கல்லறையருகே புதைக்கப்பட்ட சுடுமண் வீரர் சிலைகளோடு இத்தகைய வெண்கல விசைகள் கிடைத்திருக்கின்றன: நாணைப் பற்றியிருக்கும் பல், கீழே விரலால் இழுக்கும் நெம்பு; நெம்பை இழுத்தால் பல் சாயும், நாண் விடுபடும்.

இதற்கு ஈடான தமிழ்ச் சொல்லைத் தேடி அலைய வேண்டாம். பொறி என்பதே அது. மதுரை மதிலின் காவல் கருவிகளை அடுக்கும் சிலப்பதிகாரம் ‘வளைவிற் பொறி’யையும் சொல்கிறது, தானே வளைந்து எய்யும் இயந்திர வில் என்று அதற்கு உரை கூறுவர். நம் பொறி பொறியியல் வரை வந்து சேர்ந்ததைப் போல, ஜியும் ஒரு கிளையில் இயந்திரமாயிற்று. மற்றொரு கிளையில், விசை விடுபடும் கணமாகி, காரியம் இப்படியோ அப்படியோ திரும்பும் தறுவாயைக் குறித்தது. வெய்ஜியில் இருப்பது இந்தத் தறுவாய்தான், அதுவும் ஆபத்தான தறுவாய். வாய்ப்பு என்று சொல்லவேண்டுமானால் சீனர் ‘ஹுய்’ என்ற எழுத்தையும் சேர்த்து ‘ஜிஹுய்’ என்பார்கள். ஜிஹுயில் ஜி இருப்பதால் ஜி என்றாலே வாய்ப்பு என்று வாதிடுவது, தீப்பொறியிலும் பொறி இருப்பதால் எலிப்பொறிக்குள் நெருப்பு எரிகிறது என்பதைப் போன்றது.

உங்கள் பேச்சாளரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஜான் எஃப். கென்னடியே 1959இல் இண்டியானாபொலிஸ் உரையில் இதைச் சொன்னார். அதன்பின் மேடைகள் விடவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சீனமொழி அறிஞர் விக்டர் மேர் மறுத்து எழுதிய பிறகும் விடவில்லை.

ஜப்பானியர் இச்சொல்லைக் ‘கிகி’ என்றும், கொரியர் ‘விகி’ என்றும் ஒலிக்கிறார்கள், பொருள் நெருக்கடிதான். கொரியர் இன்று பெரும்பாலும் தங்கள் ஹங்குல் எழுத்திலேயே எழுதுவதால், பிரித்துப் பார்க்கச் சீன எழுத்தே அங்கே கண்ணில் படுவதில்லை. வியட்நாமில் கதை வேறு. அங்கே ‘ங்வி கோ’ என்று வழங்கும் இதே சொல், வரவிருக்கும் அபாயத்தைத்தான் குறிக்கிறது. நெருக்கடிக்கு அவர்கள் வைத்திருப்பது சீனத்திலிருந்தே பெற்ற வேறொரு சொல். அதன் இரண்டு எழுத்துகளையும் ஜப்பானியர் பொருளாதாரப் பீதிக்குப் பயன்படுத்துகிறார்கள்.

ஜப்பானில் ஜி என்னும் எழுத்து தனித்து நின்று ‘ஹதா’ என்று வாசிக்கப்பட்டால் அதற்குப் பொருள் தறி, நெசவாளர் முன் இருக்கும் அதே தறி. சீனாவிலோ, 1950களில் எழுத்துகளை எளிமையாக்கியபோது, கோடுகள் மிகுந்த இந்த எழுத்தை விட்டு, அதே ஒலியுடைய வேறொரு சிறிய எழுத்தை அதன் இடத்தில் அமர்த்தினார்கள். அந்தச் சிறிய எழுத்துக்கு ஜப்பானில் எழுதுமேசை என்று பொருள். ஆக, இன்றைய சீனச் செய்தித்தாளில் அச்சாகும் வெய்ஜியை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பொருள் கொள்ளும் ஜப்பானியச் சிறுவனுக்குக் கிடைப்பது ஆபத்தும் ஒரு மேசையும்.

அடுத்த வகுப்பில் ஒன்று செய்யுங்கள். விமானம் சீனத்தில் ‘ஃபெய்ஜி’, கைப்பேசி ‘ஷோவ்ஜி’. ‘ஃபெய்’ என்றால் பறத்தல், ‘ஷோவ்’ என்றால் கை, ஜி அதே ஜி. பேச்சாளரின் கணக்குப்படி இவற்றுக்கு என்ன பொருள் என்று அவரையே கேளுங்கள்.