முக்காலியில் ஓர் ஆறு, சைரந்திரியில் வேறோர் ஆறு

கேள்வி: கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு (சைலன்ட் வேலி) தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தோம். முக்காலி என்ற ஊரில் ஜீப் ஏறும்போது பார்த்த ஆறும் பூங்காவுக்குள் சைரந்திரியில் பார்த்த ஆறும் ஒன்றா?
– பொள்ளாச்சி வாசகி

பதில்: இல்லை. முதலில் பார்த்தது பவானி, பிறகு பார்த்தது குந்திப்புழா. நீங்கள் குலுங்கிக் குலுங்கிப் போன அந்த 23 கி.மீ. பாதை ஒரு நீர்ப்பிரிமேட்டைத் தாண்டுகிறது. இரண்டு ஆறுகளும் நீலகிரியின் உச்சிச் சரிவுகளில் பிறந்து தெற்கே இறங்குபவைதான். ஆனால் பவானி முக்காலியில் சட்டென்று வடகிழக்கே திரும்பி, அட்டப்பாடி வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்து கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. குந்திக்கு அந்தத் திருப்பம் இல்லை. மண்ணார்க்காட்டுப் பக்கம் இறங்கித் தூதப்புழாவில் கலந்து, பாரதப்புழாவாகிப் பொன்னானியில் அரபிக்கடலை அடைகிறது. மேட்டின் எந்தப் பக்கம் விழுகிறதோ, அதைப் பொறுத்து மழைத்துளிக்குக் கடல் மாறிவிடும்.

(சைரந்திரி என்பது விராட நகரில் திரௌபதி பூண்டிருந்த பெயர். மாமியார் பெயரில் ஆறு, மருமகள் பெயரில் கரை!)

கேள்வி: இவ்வளவு சாதுவாக ஓடும் குந்திப்புழாவில் அணை கட்ட ஏன் ஆசைப்பட்டார்கள்?
– கோவை வாசகர்

பதில்: அந்தச் சாதுத்தனம்தான் காரணம். குந்தி 1,861 மீட்டரிலிருந்து 900 மீட்டருக்கு 12 கி.மீ. தூரத்தில் இறங்குகிறது. ஆனால் சீராக அல்ல. முதல் 4 கி.மீ.யிலேயே ஏறக்குறைய 900 மீட்டர் சரிந்துவிடுகிறது. மீதி 8 கி.மீ.க்கு வெறும் 60 மீட்டர்தான் இறக்கம். இந்தத் தட்டையான பகுதி முடியும் சைரந்திரியில் பள்ளத்தாக்கு குறுகி, அதற்கப்பால் ஆறு செங்குத்தாகச் சமவெளிக்குப் பாய்கிறது. தண்ணீரைத் தேக்க நீளமான தொட்டி, சுவர் எழுப்பக் குறுகலான வாய், மின்சாரத்துக்கு உயரமான வீழ்ச்சி: பொறியாளருக்கு மூன்றும் ஒரே இடத்தில்! 120 மெகாவாட் திட்டம் அது. நீரில் மூழ்கவிருந்த 830 ஹெக்டேரில் ஆற்றங்கரையை ஒட்டிய பசுமைமாறாக் காடும் இருந்தது. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது, மறு ஆண்டு தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது.

கேள்வி: ஆழம் குறைவாகத்தானே தெரிகிறது, இறங்கிக் குளிக்கலாமா?
– அதே வாசகர்

பதில்: வேண்டாம். நீரைக் கலக்கிவிட வண்டல் படிந்த வெள்ளச் சமவெளி இங்கே கிடையாது, மேலே ஊரோ வயலோ கிடையாது. அதனால்தான் தண்ணீர் அவ்வளவு தெளிவு, அடியில் கிடக்கும் கூழாங்கல்லைக்கூட எண்ணலாம். தெளிந்த நீர் ஆழத்தைக் குறைத்துக் காட்டும், பாசி பிடித்த பாறை வழுக்கும். மேலே அந்த 4 கி.மீ. சரிவில் கொட்டும் மழை, சைரந்திரியில் வெயில் அடிக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும்.