மக ஐரிஷ் படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா!

கேள்வி: அயர்லாந்துல, டப்ளின்ல இருக்கோம். பொண்ணுக்கு 15 வயசு. இந்த ஊருக்கு வரும்போதே 12 தாண்டிட்டதால ஸ்கூல்ல ஐரிஷ் மொழிப் பாடத்துக்கு விலக்கு வாங்கிட்டோம். இப்ப ஐரிஷ்ல பாடுற நீகேப் குழுவோட ராப் பாட்டு, நடிகர் பால் மெஸ்கல் வீடியோன்னு பார்த்துட்டு, கோடை லீவுல ஐரிஷ் கேம்ப்புக்கு அனுப்புங்கன்னு அடம் பிடிக்கிறா. நடிகர் மோகத்துக்குப் பணம் கட்டணுமா? அந்தப் பாட்டுல வேற ஒரே போதை, கெட்ட வார்த்தை. பயமா இருக்கு.
– ஒரு அம்மா

பதில்: அனுப்பி வைங்கம்மா, தாராளமா.

நடிகரைப் பார்த்து ஆசை வந்தா அது என்ன குத்தமா? 2023 பாஃப்டா சினிமா விருது விழாவுல டிஜி4ங்கிற ஐரிஷ் மொழி டிவி சேனல்காரங்க மைக்கை நீட்டி ஐரிஷ்ல கேட்டாங்க, பால் மெஸ்கல் ஐரிஷ்லயே பதில் சொன்னாரு, ஸ்கூல்ல படிச்ச ஐரிஷை வச்சுக்கிட்டு யோசிச்சு யோசிச்சுதான் பேசுறாரு, ஆனாலும் பேசுறாரு. அதான் எனக்குப் பெருசா தெரியுது. ஏன்னா அந்த நாட்டுல ஸ்கூல்ல வருஷக்கணக்கா படிச்சவங்களே தப்பா பேசிருவோமோன்னு வாயத் திறக்க மாட்டாங்க. 2022 சென்சஸ்ல ஐரிஷ் பேசத் தெரியும்னு சொன்னவங்க 18 லட்சத்துக்கு மேல, ஸ்கூலுக்கு வெளியில தினமும் பேசுறவங்க வெறும் 71,968 பேர். அந்தக் கூச்சத்தை ஒரு நடிகர் கொஞ்சம் ஒடைச்சு விட்டாருன்னா அது சின்ன விஷயமே இல்ல.

நீகேப் பத்தின உங்க பயம் நியாயம்தான். பாட்டு வரிய ஒளிச்சு வைக்க முடியாது, அவளோட உக்காந்து பேசுங்க, போதை எனக்குப் பிடிக்கலன்னு நேராவே சொல்லுங்க. அதோட அந்தப் பசங்க பாடுற, வட அயர்லாந்துல இருக்கிற மேற்கு பெல்ஃபாஸ்ட்டோட கதையையும் சொல்லுங்க. பிள்ளைங்களை ஐரிஷ்லயே வளர்க்கணும்னு சில குடும்பங்க அங்க ஷாஸ் ரோடுல தாங்களே வீடு கட்டிக் குடியேறி, 1971ல 9 பிள்ளைங்களை வச்சு ஒரு ஸ்கூல் ஆரம்பிச்சாங்க, பல வருஷம் அரசாங்கத்துக்கிட்டேர்ந்து காசு வரல, ஊருக்குள்ள வசூல் பண்ணித்தான் ஓட்டுனாங்க. இந்த மாதிரி ஆளுங்க இல்லன்னா இன்னைக்கு ஐரிஷ்ல ராப்பும் இல்ல, அதக் கேக்க ஆளும் இல்ல. நீகேப்ல முகமூடி போட்டு வர்ற டிஜே ப்ரோவியே முன்னாடி ஸ்கூல் வாத்தியார்தான்!

கேம்ப் விஷயத்துக்கு வர்றேன். மேற்கு அயர்லாந்துல, ஐரிஷ் பேசுற கானமாரா பக்கம் கொலாஷ்ட லுர்கன்னு ஒரு கோடைக் கல்லூரி (பேருதான் கல்லூரி, கேம்ப்தான்) இருக்கு, 2013ல ஸ்வீடன் டிஜே அவிச்சியோட 'வேக் மீ அப்' பாட்டை அங்க வந்த பிள்ளைங்க ஐரிஷ்ல பாடி யூடியூப்ல போட்டாங்க, லட்சக்கணக்கான பேர் பார்த்தாங்க. பாருங்க, ஆளு கூட்டிட்டு வந்தது பிரபலத்தோட பாட்டுதான், ஆனா மொழிய வாயில வர வைக்கிறது அந்த ஊரு. இந்த மாதிரி கேம்ப் வழக்கமா மூணு வாரம், ஐரிஷ் பேசுற குடும்பத்து வீட்டுல மத்த பிள்ளைங்களோட தங்கணும், காலைல கிளாஸ், மத்தியானம் விளையாட்டு, ராத்திரி டான்ஸ், எல்லாமே ஐரிஷ்ல. உப்பு வேணும்னாகூட வீட்டம்மாகிட்ட ஐரிஷ்லதான் கேக்கணும். மூணு வேளை அப்படிக் கேட்டுச் சாப்பிடுற பிள்ளைக்குக் கூச்சம் எத்தனை நாள் நிக்கும்?

ஒண்ணு மட்டும் கவனிங்க. இந்தக் கேம்ப்புங்க பெரும்பாலும் ஸ்கூல்ல ஐரிஷ் படிக்கிற பிள்ளைங்களுக்குன்னு நடத்துறது, உங்க பொண்ணு விலக்குல இருக்கா, அடியில இருந்து ஆரம்பிக்கணும். அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடியே புதுசா கத்துக்கிறவங்களுக்குத் தனி கிளாஸ் உண்டான்னு போன் போட்டுக் கேட்டுருங்க. இல்லன்னா இந்த வருஷம் மொழி கத்துக்குடுக்கிற டுவோலிங்கோ ஆப், டிஜி4ல சின்னப் பிள்ளைங்க நிகழ்ச்சின்னு வீட்டுலயே தொடங்கட்டும், அடுத்த கோடைக்குப் போகலாம். விலக்கு இருந்தாலும் ஐரிஷ் கிளாஸ்ல உக்கார விடுவாங்களான்னு ஸ்கூல்லயும் கேளுங்க. சைவம்னா அத ஃபார்ம்லயே எழுதிருங்க, அந்த வீட்டம்மா ஒரே நேரத்துல அத்தனை பிள்ளைங்களுக்கு சமைக்கணும்ல.