ரப்பர் மரமே இல்லாத ரப்பர் நகரம்

கேள்வி: ஒரே ஊர்க்காரர்கள் கண்டுபிடித்தவற்றில் உங்களை வியக்க வைத்தவை எவை?

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் இருக்கும் ஆக்ரன். வேறு ஊர் எனக்குத் தோன்றவில்லை. நான் மலேசியாவின் கெடா மாநிலம், சுங்கைப்பட்டாணிக்காரன். தாத்தா பாட்டி, அப்பா அம்மா எல்லாருமே பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர்கள். மலாயாத் தோட்டங்களில் மங்கு என்கிற கிண்ணத்தில் வடிந்த பால் ரப்பர் தகடாகிக் கப்பலேறிப் போய்ச் சேர்ந்த இடங்களில் ஆக்ரன் முக்கியமானது. பனி கொட்டும் ஊர், ஒரு ரப்பர் மரம்கூட அங்கே பிழைக்காது. ஆனாலும் 1870-ல் குட்ரிச் என்பவர் அங்கே தன் பெயரில் ரப்பர் ஆலை போட வந்தார். டயர் நிறுவனங்களான குட்இயர் 1898-லும் ஃபயர்ஸ்டோன் 1900-லும் அங்கேயே தொடங்கின.

குட்ரிச்சில் வேலை பார்த்த வால்டோ சீமனுக்கு ரப்பரை இரும்போடு ஒட்டவைக்கும் பசை தேவைப்பட்டது. எதற்கும் ஆகாது என்று ஒதுக்கியிருந்த பிவிசி என்கிற பிளாஸ்டிக்கை எடுத்து ஒரு கரைப்பானில் போட்டுக் காய்ச்சிப் பார்த்தார். பசை வரவில்லை. ஆறியதும் வளைந்து கொடுக்கிற, தண்ணீர் இறங்காத ஒன்று கையில் வந்தது. நடந்தது 1926-ல். இன்று மின்கம்பி உறை, மழைக்கோட்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் என்று அது இல்லாத வீடு ஏது?

டியூப் இல்லாத டயர் ஃபிராங்க் ஹெர்செக் செய்தது. அவரும் குட்ரிச்காரர்தான், காப்புரிமை 1952-ல் கிடைத்தது. 1961-ல் விண்வெளிக்குப் போன ஆலன் ஷெப்பர்டின் உடையைக்கூட ரசல் காலி என்கிற குட்ரிச் பொறியாளர் வடிவமைத்தார் என்று படித்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. யோசித்தால், காற்று கசியாமல் அடைத்து வைப்பதுதானே ரப்பர்காரனின் தொழில்!

இவை எல்லாவற்றையும்விட எங்களைத் தொட்டது செயற்கை ரப்பர். இதை முதலில் செய்தவர்கள் ஜெர்மானியர்கள், அந்தப் பெருமையை ஆக்ரனுக்குத் தர முடியாது. 1940-ல் சீமன் குழுவினர் அமெரிபோல் என்று தங்கள் சொந்தத் தயாரிப்பைக் கொண்டுவந்தார்கள். அது விலை கூடுதல். தோட்டத்து ரப்பர் மலிவாகக் கிடைக்கும்போது யார் வாங்குவார்கள்?

1941 டிசம்பர் 8-ல் ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கியது. தோட்டத்து ரப்பர் இனி கிடைக்குமா என்கிற பயம் வந்துவிட்டது. சரியாகப் பதினோரு நாளில், டிசம்பர் 19-ல், ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத டயர் நிறுவனங்கள் ஒன்றாக உட்கார்ந்து காப்புரிமைகளையும் ஆய்வு முடிவுகளையும் பகிர்ந்துகொள்வதாகக் கையெழுத்துப் போட்டன. பியூட்டாடையீன், ஸ்டைரீன் என்கிற இரண்டு ரசாயனங்களைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி, நம் மரத்துப்பால் மாதிரியே ஒரு வெள்ளைப் பாலை உண்டாக்கி, அதை உறைய வைப்பதுதான் முறை. 1941-ல் அமெரிக்கா செய்த பொது உபயோகச் செயற்கை ரப்பர் வெறும் 231 டன். 1945-ல் 7 லட்சம் டன்னைத் தாண்டியது.

அதே ஆண்டுகளில் இங்கே வாங்க ஆளில்லாமல் மரங்கள் வெட்டுப்படாமல் நின்றன. வெட்டிய கைகள் மரவள்ளிக்கிழங்கு நட்டன, எத்தனையோ பேர் ஜப்பானியர் போட்ட சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பவே இல்லை. சப்பான்காரன் போன பிறகு ரப்பருக்கு விலை ஏறிய நேரங்கள் உண்டு, கொரியப் போர் சமயம் போல. ஆனால் சந்தையில் நிரந்தரமாக ஒரு போட்டியாளன் வந்துவிட்டான். பிற்பாடு தோட்டங்கள் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறியதற்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். காரணங்களில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இவ்வளவு செய்தும் விமான டயருக்கு அவர்களுக்கு இன்னும் மரத்துப்பால்தான் வேண்டும். தரையிறங்கும்போது வரும் சூட்டையும் இழுவையையும் தாங்குவதில் இயற்கை ரப்பருக்கு ஈடு கிடைக்கவில்லை.

ஆக்ரன் ஆலைகளும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. குட்இயரின் தலைமையகம் மட்டும் இன்றும் அங்கே இருக்கிறது. ஃபயர்ஸ்டோனை 1988-ல் விலைக்கு வாங்கியது பிரிட்ஜ்ஸ்டோன். அது ஜப்பான் கம்பெனி என்பதைச் சொன்னால் என் தாத்தா என்ன சொல்லியிருப்பாரோ!