மாஜிஸ்திரேட் நேரில் வந்து பார்த்தால் கேஸ் முடிந்துவிடுமா?

காசிமேட்டு வாசகர் ஒருவர் நாலு பக்கம் எழுதியிருக்கிறார். 2022ல் அடிபம்பு சண்டையில் பக்கத்து வீட்டுக்காரரைக் கத்தியால் கீறியதாகத் தம்பி மேல் 324 (ஆயுதத்தால் காயப்படுத்தியது) கேஸ். ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடியிலிருந்து ராத்திரியில் பார்த்ததாக ஒரு அம்மா சாட்சி சொல்லிவிட்டார். "அங்கிருந்து பம்பே தெரியாது சார், வெளிநாட்டில் ஜூரியைக் கூட்டிப்போய்க் காட்டுகிற மாதிரி மாஜிஸ்திரேட்டை வரவைக்க முடியாதா?"

பழைய பகை, ஸ்டேஷனில் உட்காரவைத்தது, தம்பி கல்யாணம் நின்றது எல்லாம் வருத்தம்தான், கேஸுக்கு உதவாது. அந்த அம்மாவைக் குறுக்கு விசாரணை செய்தபோது "அங்கிருந்து தெரியாது, தெருவிளக்கும் எரியவில்லை" என்று உங்கள் வக்கீல் கேட்டாரா? கேட்கவில்லை என்றால் முதலில் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 311ல் அவரைத் திரும்ப அழைக்க மனு போடுங்கள்.

ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து எடுத்த தீர்ப்பாளர் குழு, நம் ஊரில் எப்போதோ ஒழிந்தது. மாஜிஸ்திரேட் வரலாம், அதே சட்டத்தில் அதற்கென்றே 310 இருக்கிறது (புதுச் சட்டத்தில் 347, உங்கள் கேஸ் பழசு). ஆனால் வருவதும் வராததும் அவர் இஷ்டம். வந்தாலும் ஏற்கெனவே சொன்ன சாட்சியத்தைப் புரிந்துகொள்ளத்தான், அவர் கண்ணால் கண்டதே சாட்சியமாகிவிடாது, அவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியாதே.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் பார்க்லாண்ட் பள்ளித் துப்பாக்கிச்சூடு வழக்கில் 2018ல் சம்பவம் நடந்த கட்டடத்தைப் பூட்டி அப்படியே வைத்திருந்து 2022ல் ஜூரியை உள்ளே விட்டார்கள். உங்கள் தெருவை யார் பூட்டி வைத்தார்கள்? கேஸில் மாட்டிய வியாசர்பாடிக்காரர் ஒருவர் இப்படித்தான் ஒற்றைக்காலில் நின்றார். மாஜிஸ்திரேட் போவதற்குள் மறைத்துக்கொண்டிருந்த மரம் போய்விட்டது, கம்பத்தில் எல்இடி வந்துவிட்டது, பளிச்சென்று தெரிந்தது, அதைக் குறிப்பாக எழுதி ஃபைலில் சேர்த்துவிட்டார்கள், அப்புறம் அதை அழிக்க முடியுமா? இன்னொரு கேஸில் பையன்கள் முந்தின ராத்திரியே மறைப்புக்குத் தார்பாய் கட்டிவிட்டார்கள், எதிர்த்தரப்பு போட்டோ எடுத்துவிட்டது, ஜாமீனே ஆட்டம் கண்டது. தம்பியின் சிநேகிதர்களிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

அதைவிட, விசாரணை அதிகாரி கூண்டில் ஏறும்போது, சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய பார்வை மகஜரையும் மாதிரி வரைபடத்தையும் பிடியுங்கள். விளக்குக் கம்பம் குறித்திருக்கிறாரா, மாடிக்கும் பம்புக்கும் எத்தனை அடி? அன்றைக்கு விளக்கு எரிந்ததா என்று மாநகராட்சியிடம் ஆர்டிஐயில் கேளுங்கள்.

வெளிப்படையாகச் சொன்னால், கீறல் சின்னது, இரண்டு வீடும் ஒரே சந்து, சமாதானமாகப் போங்கள். 324ஐ கீழ்க் கோர்ட்டில் ராஜி செய்ய முடியாது, அடிபட்டவர் சம்மதித்தால் ஹைகோர்ட்டில் சமரச மனு போட்டு ரத்து செய்யக் கேட்கலாம். அவரிடம் நீங்கள் போகாதீர்கள், இருவருக்கும் பொதுவான பெரியவரை அனுப்புங்கள், அதுவும் அந்த அம்மாவை மறுபடி கூண்டில் ஏற்றுவதற்கு முன்னால்.