75-இலிருந்து 80: ஐந்து சதவீதமா, ஐந்தில் ஒரு பங்கா?

கேள்வி: பாத் ஆஃப் எக்ஸைல் என்ற கணினி விளையாட்டை விளையாடுகிறேன். ஃபயர் ரெசிஸ்டன்ஸ் (நெருப்பு அடியில் தடுக்கப்படும் சதவீதம்) 75-இல் நிற்கிறது. அதன் உச்சவரம்பை 5 கூட்டும் ஷீல்டு ஒன்று கிடைத்திருக்கிறது. லாஸ்பேட்டையில் இருக்கும் நண்பன், "மிச்சம் இருப்பதே 25. அதில் 5 சதவீதம் என்றால் ஒன்றேகால்தான். லைஃப் தரும் ஷீல்டையே போடு" என்கிறான். எதைப் போடுவது?
– கல்லூரி மாணவர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தம்பி, நெருப்பைப் பொறுத்தவரை உங்கள் ஷீல்டுதான். அதுவும் சாதாரண வித்தியாசம் இல்லை.

ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு தடுக்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, தடுத்தது போக உங்கள் மேல் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். 75 இருந்தால் நூற்றுக்கு 25 விழும். 80 ஆனால் 20. இருபத்தைந்து இருபதாகும்போது, நீங்கள் வாங்கும் நெருப்பு டேமேஜில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது. அதே 5 புள்ளி 0-இலிருந்து 5-க்கு ஏறினால் குறைவது இருபதில் ஒரு பங்குதான். மேலே போகப் போக ஒவ்வொரு புள்ளிக்கும் மதிப்பு கூடுகிறது. உச்சவரம்பை 75-இல் வைத்து, என்ன செய்தாலும் 90-க்கு மேல் விடாமல் இந்த விளையாட்டு பூட்டி வைத்திருப்பதும் அதனால்தான்.

உங்கள் லைஃப் 4000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாஸ் (பெரிய எதிரி) 16,000 நெருப்பு டேமேஜ் அடிக்கிறது. 75-இல் 4000 விழும், அதோடு கதை முடிந்தது. 80-இல் விழுவது 3200. 800 மிச்சத்தோடு, லைஃபை நிரப்பும் ஃபிளாஸ்க் குடிக்க நேரம் கிடைக்கும். நண்பர் சொல்லும் ஷீல்டில் 90 லைஃப் என்று எழுதியிருந்தாலும், பாஸிவ் மரத்தில் (திறன்களைத் தேர்ந்தெடுக்கும் வரைபடம்) நீங்கள் எடுத்த சதவீதங்கள் சேர்ந்து அது 200 ஆகிறது என்றே வைப்போம். 4200 லைஃபும் 75 ரெசிஸ்டன்ஸும் 16,800 நெருப்பு வரை தாங்கும். 4000 லைஃபும் 80 ரெசிஸ்டன்ஸும் 20,000 வரை தாங்கும்.

ஆனால் போடுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். உச்சவரம்பு ஏறினால் ரெசிஸ்டன்ஸ் தானாக ஏறாது. கேரக்டர் பேனலைத் திறந்தால் 75-க்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இன்னொரு எண் இருக்கும். உங்கள் மொத்த ரெசிஸ்டன்ஸ் அதுதான். அது 92 என்றால் பிரச்சினை இல்லை, 80 முழுதாகக் கிடைக்கும். வெறும் 76 என்றால் புது ஷீல்டைப் போட்டும் 76-தான். பழைய ஷீல்டைக் கழற்றும்போது அதிலிருந்த ஃபயர் ரெசிஸ்டன்ஸும் கூடவே போய்விடும், அதையும் கழித்துக்கொள்ளுங்கள். கதையின் ஐந்தாம் ஆக்ட் (பகுதி) முடிவில் 30, பத்தாம் ஆக்ட் முடிவில் இன்னொரு 30 என்று விளையாட்டே 60 பிடுங்கிக்கொள்கிறது. ஆக, 80 வேண்டுமென்றால் மற்ற வழிகளில் 140 சேர்த்திருக்க வேண்டும். அதற்கு மேல் இருக்கும் உபரியும் வீண் இல்லை. ரெசிஸ்டன்ஸைக் குறைக்கும் சாபம் விழுந்தால் முதலில் கரைவது அந்த உபரிதான். எதிரிக்கு ஊடுருவும் தன்மை இருந்தால் மட்டும் உபரி உதவாது. அது வரம்புக்கு உட்பட்ட எண்ணிலிருந்து நேரடியாகக் கழிக்கும். 10 ஊடுருவினால் 75 இருப்பவருக்கு 35 விழும், 80 இருப்பவருக்கு 30.

உங்கள் நண்பர் போட்ட கணக்கும் ஆகாயத்திலிருந்து வந்ததில்லை. வேறு விளையாட்டுகளில் அது நிஜம். ஆடி மாதம் லாரன்ஸ் ரோட்டுத் துணிக்கடையில் '50 + 20 தள்ளுபடி' என்று போர்டு வைத்தால் 1000 ரூபாய் சட்டை 300-க்குக் கிடைக்காது, 400 ஆகும். இரண்டாவது தள்ளுபடி மிச்சத்தில்தான் விழும். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் டேமேஜ் குறைப்புகள் அப்படித்தான் சேரும். 20 சதவீதக் குறைப்பு மூன்று இருந்தால் 60 வராது, 48.8 வரும். ஈவ் ஆன்லைன் இன்னும் கறார். அங்கே விண்வெளிக் கப்பலில், ஒரே ரெசிஸ்டன்ஸுக்கு ஒரே மாதிரி மாட்யூலை (பொருத்தும் கருவியை) அடுக்கினால், மிச்சத்தில் விழுவதோடு, இரண்டாவதன் பலம் 86.9 சதவீதமாகவும் மூன்றாவது 57.1 ஆகவும் நான்காவது 28.3 ஆகவும் சுருங்கும். 30 சதவீத மாட்யூல் மூன்று போட்டால் கப்பல் மேல் நூற்றுக்கு சுமார் 43 விழும். நான்காவதும் போட்டால் சுமார் 39. அந்த நான்காவது இடத்தில் வேறு எதையாவது வைப்பதே மேல்.

பாத் ஆஃப் எக்ஸைலிலும் 'குறைவான டேமேஜ் வாங்குவாய்' என்று வரும் தன்மைகள் ரெசிஸ்டன்ஸோடு கூட்டப்படாமல் தனியாகப் பெருக்கப்படும். ரெசிஸ்டன்ஸ் புள்ளிகள் மட்டும் ஒன்றோடொன்று நேராகக் கூடும். நண்பர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டார்.

சரி, லைஃப் ஷீல்டு எப்போது? உங்களைக் கொல்வது நெருப்பாக இல்லாதபோது. நெருப்பின் உச்சவரம்பு குளிர், மின்னல், கேயாஸ், நேரடி அடி என்ற மற்ற வகை டேமேஜ்களுக்கு ஒன்றும் செய்யாது. லைஃப் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் உதவும். கடைசியாகச் செத்த சில தடவை எந்த பாஸ், எந்த அடி என்று நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் நெருப்பு என்றால் உங்கள் ஷீல்டை மாட்டுங்கள். கலவையாக இருந்தால் நண்பர் சொன்னதைக் கையில் மாட்டி, இதைப் பையில் வைத்துக்கொண்டு, நெருப்பு பாஸ் வரும் மேப்பில் (விளையாடும் களத்தில்) மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் அடைப்புக்குறி எண்ணை இன்னொரு தடவை பாருங்கள்.