‘திரும்ப’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்

கேள்வி: ஸ்வஸ்திக் சின்னத்தைக் காட்டினாலே ஜெர்மனியில் சிறையாமே! அந்த நாட்டில் நாஜிக் கூட்டம் எப்படித் திரும்ப முளைத்தது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: ‘திரும்ப’ என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள். போர் முடிந்து நான்கே ஆண்டில், 1949இல், பழைய நாஜிகள் கூடி சோசலிஸ்ட் ரைக் கட்சி தொடங்கினார்கள். 1952இல் தடை வந்தது. 1964இல் என்.பி.டி. என்ற தீவிர வலதுசாரிக் கட்சி பிறந்தது, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஏழு மாநிலச் சட்டமன்றங்களில் உட்கார்ந்துவிட்டது.

சின்னத்தைக் காட்டினால் மூன்றாண்டு வரை சிறை அல்லது அபராதம் என்பது உண்மைதான். அதனால் சட்டையில் 88 என்று அச்சடித்துக்கொண்டார்கள். எச் எட்டாவது எழுத்து. இரண்டு எச், ‘ஹைல் ஹிட்லர்’.

கட்சியைத் தடை செய்வது அதைவிடச் சிக்கல். அரசமைப்பு நீதிமன்றத்தில் வழக்கை விசாரிக்கும் எட்டு நீதிபதிகள் கொண்ட அமர்வில் ஆறு பேர் சம்மதிக்க வேண்டும். என்.பி.டி. வழக்கு 2003இல் கவிழ்ந்தது எதனால் தெரியுமா? உளவுத்துறை காசு கொடுத்து வைத்திருந்த ஆட்கள் கட்சித் தலைமையிலேயே இருந்தார்கள். மேடையில் கக்கிய விஷம் கட்சியுடையதா, அரசின் கூலிக்காரருடையதா என்று எப்படிப் பிரிப்பது? மூன்று நீதிபதிகள் மறுத்தார்கள், வழக்கு நின்றது. 2017இல் வந்த தீர்ப்பு இன்னும் வேடிக்கை: கொள்கை அரசமைப்புக்கு விரோதம்தான், ஆனால் அதை நிறைவேற்றும் வலு கட்சிக்கு இல்லை, ஆகவே தடை இல்லை!

இதெல்லாம்கூடப் போகட்டும். எனக்கு ஆறாதது போலீஸ் செய்த காரியம். 2000 முதல் 2006 வரை ஒன்பது பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எட்டுப் பேர் துருக்கிய வம்சாவளி, ஒருவர் கிரேக்கர். பூ விற்றவர், தையல்காரர், காய்கறிக் கடைக்காரர், கெபாப் கடையில் நின்றவர் என்று எல்லாரும் பிழைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். ஒன்பது கொலைக்கும் ஒரே செஸ்கா துப்பாக்கி. போலீஸ் தேடியதோ போதைமருந்து, மாஃபியா, குடும்பப் பகை. விசாரணைக் குழுவுக்கு வைத்த பெயரே ‘போஸ்போரஸ்’, துருக்கியின் இஸ்தான்புல் நீரிணையின் பெயர். மாமூல் கேட்டு எவனாவது வருவான் என்று போலீசே கெபாப் கடை போட்டு உட்கார்ந்தது! புருஷனைப் பறிகொடுத்தவளிடமே அவனுடைய கள்ளத்தொழில் என்னவென்று கேட்டார்கள். பத்திரிகைகள் தம் பங்குக்கு ‘கெபாப் கொலைகள்’ என்று எழுதின.

‘பத்தாவது பலி வேண்டாம்’ என்று 2006இல் காசெல் நகரில் அந்தக் குடும்பங்கள் ஊர்வலம் போயின. மறுவருடம் பத்தாவது பலி விழுந்தது, ஒரு பெண் போலீஸ்.

2011 நவம்பர் 4இல் ஐசனாக் நகரில் நடந்த வங்கிக் கொள்ளைக்குப் பிறகு இரண்டு பேர் ஒரு கேரவனில் பிணமாகக் கிடந்தபோதுதான் இந்தக் கொலைகளைச் செய்த என்.எஸ்.யு. என்ற நாஜிக் குழு வெளியே தெரிந்தது. ஒரே வாரத்தில், உள்நாட்டு உளவுத்துறை அலுவலகத்தில், தீவிர வலதுசாரிகளிடையே வைத்திருந்த உளவாளிகள் பற்றிய கோப்புகள் கிழிக்கும் இயந்திரத்துக்குள் போயின. அது அம்பலமானதும் 2012இல் அதன் தலைவர் பதவி விலகினார்.