டிஜிட்டைசர்: வேகமா, பிட்டா?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஆய்வகத்தில் டைம்-ஆஃப்-ஃப்ளைட் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் (அயனிகள் பறக்கும் நேரத்தைக்கொண்டு நிறையை அளக்கும் கருவி) ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். அயனிகள் பறக்கும் நேரம் 40 மைக்ரோ நொடி வரை, எதிர்பார்க்கும் பகுதிறன் (நெருங்கிய நிறைகளைப் பிரித்துக் காட்டும் திறன்) 10,000. டிடெக்டரின் சிக்னலை எண்ணாக மாற்றும் டிஜிட்டைசர் கார்டுகளில், நொடிக்கு 500 கோடி சாம்பிள் எடுக்கும் 8 பிட் கார்டும், 200 கோடி எடுக்கும் 14 பிட் கார்டும் ஏறக்குறைய ஒரே விலை. எதை வாங்கலாம்?

ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

14 பிட் கார்டை வாங்குங்கள்.

பறக்கும் நேரத்தை, நிறமாலையில் ஒரே நிறை அயனிகள் காட்டும் சிகரத்தின் அகலத்தைப்போல் இருமடங்கால் வகுத்தால் பகுதிறன். உங்கள் கணக்கில் அகலம் 2 நானோ நொடி வருகிறது. 200 கோடி கார்டு அதற்குள் 4 புள்ளி எடுத்துவிடும். சிகரத்தின் மையத்தைப் பிடிக்க அது போதும். 10 புள்ளி எடுத்தாலும் டிடெக்டர் தராத நுணுக்கம் வந்துவிடாது.

8 பிட் என்றால் சிக்னலின் உயரத்தை அளக்க 256 படிதான். ஒற்றை அயனி இரைச்சலுக்கு மேல் தெரிய 5 படி ஒதுக்கினால், 50 அயனிகளுக்குச் சற்று மேல் ஒன்றாக வந்தாலே உச்சி தட்டையாகிவிடும். ஆயிரம் நிறமாலைகளைக் கூட்டினால் இரைச்சல் குறையும், வெட்டுப்பட்ட உச்சி திரும்பி வராது. மிகுதியாக இருப்பதும் அரிதாக இருப்பதும் ஒரே நிறமாலையில் தெரியத்தானே இவ்வளவு பாடு? 14 பிட்டில் இந்த வேகத்தில் இரைச்சல் போக 9, 10 பிட் தேறும். அதுவே பெரிய லாபம்.

சரி, கார்டின் அலைவரிசை அகலத்தையும், அதாவது எவ்வளவு வேகமான மாற்றம்வரை பிடிக்கும் என்பதையும், பாருங்கள். பல்ஸ் அரை நானோ நொடியில் ஏறுகிறதென்றால் 700 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். ஒற்றை அயனி பல்ஸை முதலில் ஒரு நல்ல அசிலாஸ்கோப்பில் அளந்துவிடுங்கள்.

அப்புறம் ட்ரிகர், அதாவது தொடங்கச் சொல்லும் சிக்னல். பல வருடங்களுக்கு முன் எங்கள் கருவியில் பகுதிறன் பாதியாகக் குறைந்தது. ரிஃப்ளெக்ட்ரானை (அயனிகளைத் திருப்பி அனுப்பும் மின்புலக் கண்ணாடி) கழற்றி மாட்டியே இரண்டு மாதம் போனது. அயனிகளைத் தள்ளிவிடும் பல்ஸரும் டிஜிட்டைசரும் தனித்தனிக் கடிகாரத்தில் ஓடியதால் ஒவ்வொரு நிறமாலையும் ஒரு சாம்பிள் வரை நகர்ந்து நகர்ந்து கூடியிருக்கிறது. பல்ஸர் ட்ரிகரை டிஜிட்டைசரின் கடிகாரத்திலிருந்தே எடுங்கள்.

நொடிக்கு 20,000 முறை அயனிகளைத் தள்ளினால், 40 மைக்ரோ நொடிக்கு 80,000 சாம்பிள், சாம்பிளுக்கு 2 பைட் வீதம் நொடிக்கு 3.2 கிகாபைட் கொட்டும். கார்டிலேயே, எஃப்.பி.ஜி.ஏ. என்ற நிரல்படுத்தக்கூடிய சில்லில், கூட்டிச் சராசரி எடுக்கும் வசதி உண்டா, ஒரு நிறமாலை முடிந்து அடுத்ததற்குத் தயாராக எத்தனை மைக்ரோ நொடி ஆகும் என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு தள்ளலுக்கு 50 மைக்ரோ நொடி, அதில் பறப்பதற்கு 40 போக உங்களுக்கு இடையில் கிடைப்பது 10 மைக்ரோ நொடிதான்.